திடீர்ப் பயணவியல்: அடையாற்றை மையமாகக் கொண்ட ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

தமிழ்நாட்டு மாணவர் சமூகத்தில் நெடுநாளாகத் தீராமல் கிடக்கும் புதிர் ஒன்று உண்டு. முதலாண்டிலேயே ‘கோவா’ என்று பெயர் சூட்டி ஒரு வாட்ஸ்ஆப் குழு தொடங்கப்படுகிறது. தேதி பார்க்கிறார்கள், ரயில் பார்க்கிறார்கள், தங்குமிடம் பார்க்கிறார்கள். ஆளுக்கு எவ்வளவு என்று எக்செல் தாள் போடுகிறவரும் எல்லாக் குழுவிலும் ஒருவர் உண்டு. நான்காண்டு முடிகிறது, வேலை கிடைக்கிறது, குழுவில் இருவருக்குக் கல்யாணமும் ஆகிவிடுகிறது. அந்தக் குழுவில் இப்போது பிறந்தநாள் வாழ்த்து மட்டும் வந்துகொண்டிருக்கிறது. கோவா அரபிக்கடல் ஓரத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அதே நண்பர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, மறுநாள் காலை இன்டர்னல் தேர்வை வைத்துக்கொண்டு, அடையாறு டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து நேராக மாமல்லபுரத்துக்குப் போய்வந்திருக்கிறார்கள். திட்டமிட்டது ஏன் நடப்பதில்லை? திட்டமிடாதது எப்படி நடந்துவிடுகிறது?

இந்தப் புதிருக்கு இதுவரை இரண்டு சிந்தனைப் பள்ளிகள் விடை கூறி வந்துள்ளன. விடுதிக் காப்பாளர் பள்ளி இதனை ஒழுங்கீனத்தில் அடக்குகிறது. பெற்றோர் பள்ளி சகவாச தோஷம் என்கிறது. இப்பள்ளியைச் சேர்ந்த ஒவ்வொரு அறிஞரும் தோஷம் எதிர் வீட்டுப் பிள்ளையிடமிருந்தே தொற்றியது என்பதில் உறுதியாக இருக்கிறார். இரு பள்ளிகளும் பயணிகளின் குணத்தை ஆராய்ந்தனவே தவிர, அவர்களது சட்டைப்பையை ஆராயவில்லை. அந்தக் குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

2. வரையறை

திடீர்ப் பயணம் எனப்படுவதற்கு மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

முதலாவது, ‘போலாமா’ என்ற சொல்லுக்கும் கிளம்புதலுக்கும் இடையே ஒருவர் அறைக்குப் போய்க் குளித்துவிட்டு வரும் அளவுக்குக்கூட நேரம் இருக்கலாகாது. இரண்டாவது, குழுவினர் அனைவரின் பணத்தையும் கூட்டினால் போவதற்குப் போதும், திரும்புவதற்குப் போதுமா என்பதில் நியாயமான ஐயம் நிலவ வேண்டும். மூன்றாவது, குழுவில் ஒருவராவது பயணத்துக்குச் சற்றும் பொருந்தாத ஒரு பொருளைச் சுமந்துகொண்டிருக்க வேண்டும்: இன்ஜினியரிங் டிராயிங் டிராஃப்டர், நடனப் பயிற்சிப் புடவை, அல்லது அம்மா வாங்கிவரச் சொன்ன கால் கிலோ கொத்தவரங்காய்.

இவ்வரையறையால் சில விலக்கப்படுகின்றன. புளியோதரை கட்டிக்கொண்டு போகும் குடும்பச் சுற்றுலா திடீர்ப் பயணமாகாது. புளிக்காய்ச்சலுக்கு முன்யோசனை வேண்டும். துறைத் தலைவர் முன்னிருக்கையில் அமர்ந்து வரும் ஐ.வி. என்னும் தொழிற்சாலைப் பார்வை ஆகாது, அதற்கு முன்பணம் கட்டிய ரசீது உண்டு. மாற்றுத் துணியோடு போவதும் ஆகாது. வழியில் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் நடைபாதைக் கடையில் டி-சர்ட் எடுத்துக்கொண்டால் மட்டும் விதிவிலக்கு. அந்த டி-சர்ட்டின் அளவு போட்டுக்கொள்பவருக்குப் பொருந்தாதிருத்தல் சிறப்பு.

3. முன்னோர் வரலாறு

படிக்கப் போன ஊரில் ஊர்சுற்றுதல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்தவர்களையும், சென்னையிலிருந்து வெளிநாடு சென்றவர்களையும் ஒருசேர நோக்கினால்தான் மரபு விளங்கும்.

1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற இருவருமே கடல் தாண்டி வந்த யாழ்ப்பாணத்தார்: சி.வை. தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை. அதாவது, இந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரி வரலாறே வெளிநாட்டு மாணவரில்தான் தொடங்குகிறது. தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் கலித்தொகை முதலிய பழம்பெரும் நூல்களைப் பதிப்பிக்க ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்தவர். எனினும் அந்த அலைச்சலை இவ்வாய்வு கணக்கில் கொள்ள இயலாது. அவருக்கு என்ன தேடுகிறோம் என்று தெரிந்திருந்தது. நோக்கம் உள்ள பயணம் நம் வரையறைக்கு வெளியே நிற்கிறது.

அடுத்தவர் ஏ.கே. செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை படித்தவர். 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் திடீரென்று தோன்றியது. தோன்றியதோடு நில்லாமல் கண்டம் கண்டமாகச் சுற்றிப் பழைய படச்சுருள்களைத் திரட்டி 1940இல் படத்தை வெளியிட்டார். திடீர் என்ற நிபந்தனை இங்கே மிகச் சிறப்பாக நிறைவேறுகிறது. ஆனால் எடுத்த காரியம் முடிந்திருக்கிறது. மாணவர் மரபில் அது வழக்கமன்று.

மூன்று நிபந்தனைகளையும் ஏறக்குறைய நிறைவேற்றிய முன்னோடி கணிதமேதை சீனிவாச இராமானுஜன். சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராயிருந்து, 1914 மார்ச் 17 அன்று நெவாசா என்ற கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டவர். கேம்பிரிட்ஜில் தம் அறையில் தாமே சமைத்துச் சாப்பிட்டவர். ஒருநாள் நண்பர் கியானேஷ் சந்திர சாட்டர்ஜியையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் இன்னொரு தோழியையும் விருந்துக்கு அழைத்து ரசம் பரிமாறினார். இரண்டாம் முறை ஊற்றினார், ஏற்றார்கள். மூன்றாம் முறை வந்தபோது பெண்கள் இருவரும் போதும் என்றுவிட்டார்கள். பேச்சு தொடர்ந்தது, சற்று நேரத்தில் பார்த்தால் இராமானுஜனைக் காணோம். டாக்சி பிடித்துப் போய்விட்டார். சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து சாட்டர்ஜிக்கு ஒரு தந்தி வந்தது: 5 பவுன் அனுப்ப முடியுமா?

திரும்பி வந்தபின் அவர் சொன்ன காரணம் எளியது: பரிமாறியதை மறுத்ததில் மனம் புண்பட்டுவிட்டது, அங்கே இருக்கப் பிடிக்கவில்லை, கையிலிருந்த காசுக்கு எட்டிய இடம் ஆக்ஸ்ஃபோர்டு. நண்பர்கள் உடன் செல்லவில்லை என்ற ஒரு குறை இங்கே உண்டு. ஆனால் அந்தத் தந்தி இவ்வாய்வுக்குக் கிடைத்த ஆகச் சிறந்த முதன்மைச் சான்று. அதைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

4. களமும் வகைமாதிரிகளும்

ஆய்வுக் களம் அடையாறு. தேர்வுக்குக் காரணம் உண்டு. 1936இல் ருக்மிணி தேவி அடையாற்றில் தொடங்கிய கலாக்ஷேத்ரா 1962இல் திருவான்மியூருக்கு இடம்பெயர்ந்தது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைகள் நடனமும் இசையும் கற்க இப்பகுதிக்கு வருவது பல தலைமுறை வழக்கம். மறுபுறம், மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் தொடங்கிய ஐ.ஐ.டி.; அதன் விடுதிகளுக்கெல்லாம் நதிகளின் பெயர். இன்னொரு புறம் கிண்டிப் பொறியியல் கல்லூரி. ஆக, அடையாற்றைச் சுற்றி மூன்று கல் தூரத்துக்குள் பணமில்லாத, பசியுள்ள, வீடு தூரத்திலுள்ள இளைஞர் தொகை செறிந்து வாழ்கிறது.

இத்தொகையிலிருந்து நான்கு வகைமாதிரிகளைப் பிரித்தெடுத்துள்ளோம். இவர்கள் தனிமனிதர்கள் அல்லர். ஒவ்வொரு குழுவிலும் வேறு பெயரில் இருப்பவர்கள்.

க: மயிலாப்பூர்க்காரன். வீட்டிலிருந்தே கல்லூரி போகிறவன். யோசனைகள் இவனிடமிருந்தே பிறக்கும், ஏனெனில் இரவுச் சாப்பாடு உறுதியானவன்.

ச: அம்பாசமுத்திரத்துக்காரன். விடுதி. மாதத்தின் முதல் வாரம் தாராளன், கடைசி வாரம் தத்துவவாதி.

த: யாழ்ப்பாணத்துப் பெண். நடனம் படிக்கிறாள். இலங்கை ரூபாயை இந்திய ரூபாயாக மனத்துக்குள் மாற்றிப் பார்க்காமல் ஒரு இட்லிகூடச் சாப்பிடாதவள்.

ப: மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்தவள். இசை படிக்கிறாள். வெளிநாட்டிலிருந்து வந்தவள், அதனால் பணக்காரி என்று வீட்டு உரிமையாளர், ஆட்டோக்காரர், பக்கத்து அறைக்காரர் அனைவரும் ஒருமனதாகக் கருதும் பெண். உண்மை அதுவன்று.

நால்வரும் சந்தித்த இடம் மார்கழி மாதத்து மயிலாப்பூர் சபா கேண்டீன் வரிசை. கச்சேரிக்கு நுழைவுச்சீட்டு எடுக்காதவர்கள் கேண்டீனுக்கு மட்டும் வந்து ரவா தோசைக்குக் காத்திருக்கும் அந்த வரிசையில் முகிழ்க்கும் நட்புகள் நீடித்து நிற்பவை.

5. மௌன ஏலம்

திடீர்ப் பயணத்தின் இலக்கு யாராலும் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. அது ஏலத்தில் இறங்கி வந்து நிற்கிறது. சாதாரண ஏலத்தில் விலை ஏறும். இங்கே தூரம் இறங்கும். களத்தில் பதிவானபடி:

“பாண்டி போலாமா?” என்கிறான் க.

மௌனம். எதிரே 5பி பேருந்து போகிறது.

“எனக்கு ரெக்கார்டு எழுதணும் மச்சி,” என்கிறான் ச.

“எனக்கு நாளைக்குக் காலமை வகுப்பு இருக்கு,” என்கிறாள் த.

“எனக்கு எதுனாலும் ஓகே லா,” என்கிறாள் ப.

“சரி, மகாபலிபுரம்?”

மௌனம், ஆனால் முன்னதில் பாதி. ச தன் டீ கிளாஸைக் கீழே வைக்கிறான்.

“ரெக்கார்டு நைட்டு வந்து எழுதிக்கலாம்ல?”

“எழுதிக்கலாம்.”

“அப்ப வெளிக்கிடுவம்,” என்கிறாள் த.

வெளியாள் கேட்டால் இது ஆய்வக ரெக்கார்டைப் பற்றிய உரையாடல். தேர்ந்த ஆய்வாளருக்கு இது துல்லியமான நிதிநிலை அறிக்கை. இத்துறையின் கலைச்சொற்களைக் கீழே தருகிறோம். ‘ரெக்கார்டு எழுதணும்’ என்றால் கையிருப்பு இருநூறுக்குக் கீழ். ‘லேசா தலைவலி’ என்றால் ஐம்பதுக்குக் கீழ். ‘வீட்ல கேக்கணும்’ என்றால் பணம் இருக்கிறது, ஆனால் வங்கிக் குறுஞ்செய்தி அப்பாவின் கைபேசிக்குப் போகிறது. ‘எதுனாலும் ஓகே’ என்றால் பணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எப்படியும் எல்லாருக்கும் என்னைக் கொடுக்கச் சொல்லிவிடாதீர்கள். ‘காலையில் வகுப்பு’ என்றால் மட்டும் காலையில் வகுப்பு இருக்கிறது.

இங்கே காணவேண்டியது, ‘உன்னிடம் எவ்வளவு இருக்கிறது’ என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை என்பது. கேட்காமலே நால்வருக்கும் தெரிந்துவிட்டது. இதிலிருந்து இவ்வாய்வின் முதல் விதி பெறப்படுகிறது:

குழு செல்லும் தூரத்தைத் தீர்மானிப்பது கூட்டுத் தொகையன்று, சராசரியுமன்று. ஆகக் குறைந்த பையை உடையவரின் பை.

பொருளியல் நூல்கள் இதனை ஒப்புக்கொள்ளா. நால்வரில் மூவரிடம் பணம் இருந்து மூவரும் புதுச்சேரி போயிருந்தால் மொத்த இன்பம் கூடியிருக்கும் என்று அவை கணக்குக் காட்டும். அந்த மூவரும் போகவில்லை. நால்வராக மாமல்லபுரம் போனார்கள். கணக்கில் பிழையில்லை; ஆனால் மூன்று பேர் போனால் அதற்குப் பெயர் திடீர்ப் பயணமன்று, ஒருவனை விட்டுவிட்டுப் போனது.

6. தூர அளவையியல்

சென்னையில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பது ஆட்டோக்காரர்கள்கூடக் கைவிட்ட முறை. மாணவர் தூரம் ரூபாயில் அளக்கப்படுகிறது. அடையாற்றை மையமாக வைத்து மூன்று வட்டங்கள் வரையலாம்.

முதல் வட்டம் பெசன்ட் நகர் கடற்கரை. மாநகரப் பேருந்தின் சாதாரணக் கட்டணம் 5 ரூபாயில் தொடங்குகிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே த, ப இருவருக்கும் முதல் வட்டத்தின் தூரம் சுழியம். இளஞ்சிவப்பு முகப்புள்ள பேருந்து வரும்வரை நால்வரும் நிற்பார்கள். நடுவே வரும் டீலக்ஸ் பேருந்துகளை ‘கூட்டமா இருக்கு’ என்று சொல்லி விட்டுவிடுவார்கள். அவற்றில் கூட்டம் இல்லை.

இரண்டாம் வட்டம் மாமல்லபுரம். தியாகராய நகரிலிருந்து அடையாறு வழியாக 599 எண் பேருந்து அங்கே போகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஜன்னலோர இருக்கை கிடைத்தவர் பயணம் முழுதும் உப்புக்காற்றில் முகத்தை நீட்டிக்கொண்டிருப்பார். கிடைக்காதவர் அவரைப் பாடச் சொல்லித் தொந்தரவு செய்வார்.

மூன்றாம் வட்டம் திருவண்ணாமலை. இங்கேதான் அளவையியல் அறிஞர்களைத் திகைக்கவைக்கும் முடிவு கிடைக்கிறது. 2024 மே மாதம் முதல் சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் ஓடத் தொடங்கியது. மாலை 6 மணிக்குக் கிளம்பி நள்ளிரவு தாண்டியவுடன் போய்ச் சேரும்; திரும்பும் வண்டி அதிகாலை 4 மணிக்கு. தொடங்கியபோது கட்டணம் 50 ரூபாய். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நடுவே கிடைப்பது நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ரயில்வே அறிந்தோ அறியாமலோ திடீர்ப் பயணிகளுக்கென்றே அட்டவணை போட்டிருக்கிறது: தங்க அறை வேண்டாம், தூங்க நேரமில்லை, நடைவேகம் குறைந்தால் வண்டி போய்விடும் என்ற பயத்தால் பக்தி பெருகும். மயிலாப்பூரிலிருந்து கடற்கரை நிலையத்துக்குப் பறக்கும் ரயிலில் 5 ரூபாய். அந்தக் கட்டணப்படி போக 55, வர 55. மொத்தம் 110 ரூபாயில் பௌர்ணமி நிலவும் அண்ணாமலையும் அடக்கம்.

இதனோடு மாமல்லபுரத்தை ஒப்பிட வேண்டும். 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமான அங்கே, கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் காணத் தொல்லியல் துறை வசூலிக்கும் கட்டணம் இந்தியருக்கு 40 ரூபாய். சார்க் நாட்டவருக்கும் அதே 40. மற்ற வெளிநாட்டவரில் பெரும்பாலோருக்கு 600. எனவே க, ச, த மூவரும் 40 ரூபாய்க்காரர்கள். கிள்ளானில் பிறந்து, தேவாரம் பாடக் கற்று, பாட்டியின் ஊர் புதுக்கோட்டைப் பக்கம் என்று சொல்லும் ப மட்டும் 600 ரூபாய்க்காரி. காலையில் அதே பெண்ணைப் பேருந்தில் நடத்துநர் ஒரு காசும் கேட்காமல் ஏற்றிக்கொண்டார்; மாநகரப் பேருந்தில் கடவுச்சீட்டு பார்க்கும் வழக்கம் இல்லை.

600 ரூபாய்க்கு ஐந்து முறை கிரிவலம் போய்வந்து ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கலாம். ஆகவே, ப-வைப் பொறுத்தவரை, அடையாற்றிலிருந்து மாமல்லபுரக் கடற்கரைக் கோயில் திருவண்ணாமலையைவிட ஐந்து மடங்குக்கு மேல் தொலைவில் உள்ளது. புவியியல் வரைபடங்கள் இதனைக் காட்டத் தவறிவிட்டன.

7. கோயில் வாசலில் நிகழ்ந்தவை

கட்டணப் பலகையின் முன் நால்வரும் நின்ற கணம் இவ்வாய்வின் மையம். ப பலகையைப் படித்தாள். மற்ற மூவரும் ப படித்ததைப் பார்த்தார்கள்.

“இதெல்லாம் ஸ்கூல் டூர்லயே பாத்தாச்சு மச்சி,” என்றான் ச.

அம்பாசமுத்திரத்துப் பள்ளியின் சுற்றுலா கன்னியாகுமரிக்குத்தான் போகும். அவன் அதற்கு முன் மாமல்லபுரத்துக்கு வந்ததே இல்லை. தானும் பலமுறை பார்த்துவிட்டதாகக் க சொன்னான். இது மட்டும் உண்மை. த எதுவும் சொல்லவில்லை, வெயிலைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். யாழ்ப்பாணத்தில் இதைவிட வெயில்.

பிறகு நால்வரும் அர்ச்சுனன் தபசுக்குப் போனார்கள். அது தெருவோரத்துப் பாறை. நின்று பார்க்கக் கட்டணம் கிடையாது. அது அர்ச்சுனன் தவமா, கங்கையைக் கொணர்ந்த பகீரதன் தவமா என்று அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாக வாதிடுகிறார்கள். நால்வரும் இரண்டு பக்கமும் இருவராகப் பிரிந்து அரை மணி நேரம் அதே வாதத்தைத் தொடர்ந்தார்கள். யானைக்கு அருகே ஒரு பூனை முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். அதைப் போலவே நின்று ச ஒரு படம் எடுத்துக்கொண்டான். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பியின் நகைச்சுவை இருபத்தோராம் நூற்றாண்டில் இலவசமாகப் போய்ச் சேர்ந்தது.

வெண்ணெய்ப் பந்துப் பாறையும் ஒருகாலத்தில் இலவசமே. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அதன் முன் கைகோத்துப் படம் எடுத்துக்கொண்டு போன பின், அதற்கும் கட்டணம் வந்தது. சாலையிலிருந்தே தெரிவதால் நால்வரும் சாலையிலிருந்தே பார்த்தார்கள். உருண்டு விழுந்தால் கட்டணம் கட்டாதவர் பக்கம்தான் வரும் என்று க கணித்தான்.

இங்கே முதல் விதிக்குத் திருத்தம் தேவைப்படுகிறது. குறைந்த பை என்பது பணம் குறைவான பை மட்டுமன்று. உலகம் அதிகம் பிடுங்கும் பையும்தான். மேலும், பொய்கள் பயணத்தின் மறைமுகச் செலவினம் என்று எண்ணப்பட்டு வந்தது தவறு. அவை பயணத்தின் முதலீடு. மூன்று பேர் ஆளுக்கொரு பொய்யைப் போட்டு ஒருத்தியின் 600 ரூபாயை மீட்டிருக்கிறார்கள்.

8. உணவியல்

உணவைப் பற்றிச் சுருக்கமாக. 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. பயணத்துக்கு முன் வயிற்றை நிரப்பிக்கொள்ளும் கலை இவ்விலைப் பட்டியலைச் சுற்றி வளர்ந்தது. வழியில் பரோட்டாக் கடை. பரோட்டாவுக்குக் கணக்கு உண்டு, சால்னாவுக்குக் கணக்கில்லை. இவ்விரண்டுக்கும் இடையேதான் மாணவ வாழ்வு நடக்கிறது. ‘மூணு டீயை நாலாப் போடுங்கண்ணே’ என்பது தென்னகத்தின் ஆகச் சிறந்த பங்கீட்டுக் கோட்பாடு. அந்த அண்ணன் முகம் கோணாமல் நான்கு கிளாஸிலும் கழுத்துவரை ஊற்றுவார். நான்கையும் சேர்த்து அளந்தால் மூன்றைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

மாமல்லபுரத்துக் கடற்கரையில் மீன் வறுவல் ஒரு தட்டு வாங்கி நால்வர் உண்ணும்போது, கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. அது ஆறிப்போய், நாய் வந்து உட்காரும் நேரத்தில், ஆகக் குறைந்த பையை உடையவர் தட்டுக்கு அது யாராலோ தள்ளப்பட்டிருக்கும்.

9. ஒப்பாய்வு: ஜெர்மனி

அடையாற்று விதிகள் வேறு மண்ணில் செல்லுபடியாகுமா? இக்கேள்விக்கு விடை தரப் பொருத்தமான நாடு ஜெர்மனி. மேற்கு மாம்பலம், மந்தைவெளி, இந்திரா நகர் வீடுகளில் ‘பையன் எம்.எஸ். பண்றான்’ என்று சொல்லப்படும் இடங்களில் அதுவும் ஒன்று. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது ஈர்ப்பு. ஆனால் விசாவுக்கு முன் முடக்கக் கணக்கு ஒன்றில் ஓராண்டுச் செலவுப் பணத்தைக் காட்ட வேண்டும்: 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ. மாதம் 992 யூரோ மட்டுமே அதிலிருந்து வெளிவரும். தன் பணத்தையே மாதாமாதம் வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டால் அம்பாசமுத்திரத்து ச அங்கேயும் உருவாகிறான்: முதல் வாரம் தாராளன், கடைசி வாரம் தத்துவவாதி.

2022 ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதங்கள் ஜெர்மானிய அரசு 9 யூரோவுக்கு மாதச் சீட்டு தந்தது. நாடு முழுதும் உள்ளூர், வட்டார ரயில்களில் எங்கும் போகலாம். 2023 மே மாதம் 49 யூரோ சீட்டு வந்தது. 2025இல் அது 58 ஆயிற்று. அதிவேக ரயிலில் இச்சீட்டு செல்லாது. ஆகவே நான்கு மணி நேரத்தில் போகும் ஊருக்குத் தமிழ் மாணவர்கள் மூன்று இடத்தில் வண்டி மாறிப் பத்து மணி நேரத்தில் போகிறார்கள். முனிச்சிலிருந்து ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம் வரை இச்சீட்டு செல்லும். எல்லை தாண்டியதும் மந்தைவெளிக்கு ஒரு படம் வந்து சேரும்: ‘அம்மா, இன்னிக்கு ஆஸ்திரியா.’ ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் அடைப்பு. ரயிலில் தயிர்சாதம் திறக்கப்படும். சக பயணிகள் மரியாதையாக ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள்.

விதிகள் மாறவில்லை. ‘அசைன்மென்ட் இருக்குடா’ என்பது அங்கே ரெக்கார்டின் இடத்தைப் பிடித்திருக்கிறது. நால்வரில் ஒருவனுக்கு அந்த மாதம் பகுதிநேர வேலை கிடைக்கவில்லை என்றால், நால்வரும் மெதுவான வண்டியில் போகிறார்கள். அதிவேக ரயிலில் ஜன்னல் சரியாக இல்லை என்று மற்ற மூவரும் கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

10. திடீர் என்பதன் பயன்

இப்போது கோவாப் புதிரை அவிழ்க்கலாம். திட்டமிட்ட பயணம் முன்பணம் கேட்கிறது. தேதிக்குள் இவ்வளவு அனுப்பு என்று குழுவில் எழுதியவுடன், அனுப்ப முடியாதவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும்படி எழுதப்பட்டுவிடுகிறது. மேலும் திட்டம் அவகாசம் தருகிறது. அவகாசம் கிடைத்தால் தன்மானம் உள்ளவர் யோசிப்பார். யோசித்தால் காரணம் கண்டுபிடிப்பார். அக்காவுக்கு வளைகாப்பு வரும், மாமாவுக்கு அறுவைச் சிகிச்சை வரும். ஒருவர் விலக, இன்னொருவர் விலக, கோவா நின்ற இடத்திலேயே நிற்கும்.

திடீர்ப் பயணம் அந்த அவகாசத்தை மறுக்கிறது. ‘கிளம்பு, அப்புறம் பாத்துக்கலாம்’ என்று கையைப் பிடித்து இழுக்கும்போது காரணம் கண்டுபிடிக்க நேரமில்லை. பேருந்து வந்துவிட்டது. யாரோ சீட்டு வாங்கிவிட்டார்கள். இனி இறங்க முடியாது. ஆகவே இவ்வாய்வின் இரண்டாம் விதி: திடீர் என்பது அவசரமன்று, பொறுப்பின்மையுமன்று; பணமில்லாதவருக்கு மற்றவர்கள் செய்யும் மரியாதை. விடுதிக் காப்பாளர் பள்ளி இதனை ஒழுங்கீனம் என்று கண்டது, வாசலில் நின்று பார்த்ததால். பேருந்துக்குள் நின்று பார்த்திருந்தால் வேறு முடிவுக்கு வந்திருக்கும்.

11. கடன் கோட்பாடு

‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்பதில் ‘அப்புறம்’ எப்போது? பழைய காலத்தில் அது வரவே வராது. பேருந்துக்கு ஒருவர் கொடுத்தார், டீக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர். யார் யாருக்கு எவ்வளவு என்பது புகைமூட்டமாகக் கிடக்கும். 2016இல் யு.பி.ஐ. வந்தபின் நிலைமை மோசமடைந்தது. 37 ரூபாய் 50 காசைக்கூட அனுப்ப முடியும் என்றாகிவிட்டது. அனுப்ப முடிவது அனுப்ப வேண்டியதாக மாறும் ஆபத்து உண்டு. செலவைப் பங்கிட்டு யாருக்கு யார் எவ்வளவு என்று காட்டும் செயலிகளும் மாணவர் கைபேசிகளில் புகுந்துவிட்டன. இவை கணக்கைத் தீர்க்கின்றன. தீர்ப்பது நல்லதா என்பதே கேள்வி.

ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த தந்தியை இப்போது மீண்டும் எடுத்துப் படிக்கலாம். இராமானுஜனுக்கு இங்கிலாந்தில் கடன் கேட்கப் பலர் இருந்தனர். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி இருந்தார், கல்லூரி இருந்தது, சென்னைப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை இருந்தது. அவர்களில் எவரையும் கேளாமல், மூன்றாம் முறை ரசம் மறுக்கப்பட்ட அந்த விருந்துக்கு வந்த நண்பரிடமே கேட்டார். கோபித்துக்கொண்டு போனவர், கோபம் யாருக்கு வைத்த விருந்தில் தொடங்கியதோ அவரிடமே திரும்பிவரக் காசு கேட்கிறார். வட்டிக் கணக்கில் இதற்கு விளக்கமில்லை. பணம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்து அந்தத் தந்தி அனுப்பப்படவில்லை. யாரிடம் கேட்டால் வெட்கம் இராது என்று பார்த்து அனுப்பப்பட்டது. அனுப்பிய கணத்திலேயே கோபமும் தீர்ந்துவிட்டது என்று கொள்க.

இதிலிருந்து மூன்றாம் விதி: பணம் உள்ளவர் சுற்றுலா போகிறார், கேட்டால் கொடுக்க ஒருவர் உள்ளவர் திடீர்ப் பயணம் போகிறார்.

12. பரிந்துரைகள்

ஆய்வின் முடிவுகளை நடைமுறைப்படுத்தும் பொருட்டுச் சில பரிந்துரைகள் முன்வைக்கப்படுகின்றன.

விடுதி வெளியேறும் படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தை நீக்கிவிட்டு, ‘உடன் செல்வோர்’ என்ற கட்டத்தைப் பெரிதாக்கலாம். ஆபத்து காரணமில்லாமல் போகிறவருக்கு அன்று, ஆளில்லாமல் போகிறவருக்கே.

தொல்லியல் துறை 40 ரூபாய்க்கும் 600 ரூபாய்க்கும் நடுவே, இங்கே படிக்க வந்த மாணவருக்கென ஒரு கட்டணத்தை யோசிக்கலாம். அதுவரை மூன்று பேரின் பொய்கள் அந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டிருக்கும்.

செலவுப் பங்கீட்டுச் செயலிகளை வடிவமைப்போர், ‘செலுத்து’ பொத்தானுக்கு அருகே ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று இன்னொரு பொத்தான் வைக்க வேண்டும். அதை அழுத்தினால் தொகை மறைந்துவிடக் கூடாது; மங்கலாக வேண்டும், அவ்வளவுதான்.

காசுக் கணக்கு கடைசிப் பைசா வரை நேராகிவிட்ட குழுவுக்கு மறுபடி கூடுவதற்கு ஒரு முகாந்திரம் இல்லை. ‘டேய், நீ எனக்குக் குடுக்கணும்ல?’ என்று ஆண்டுகள் கழித்தும் ஒரு தொலைபேசி அழைப்பைத் தொடங்கிவைப்பது தீராத பாக்கிதான். எனவே அடையாறு, மயிலாப்பூர், தியாகராய நகர் வட்டார மாணவர்களுக்கு இவ்வாய்வு விடுக்கும் இறுதி வேண்டுகோள்: படிப்பு முடிந்து ஊரைவிட்டுக் கிளம்பும்போது, விடுதிக்கும் நூலகத்துக்கும் மெஸ்ஸுக்கும் உள்ள பாக்கியையெல்லாம் கட்டிவிடுங்கள். நண்பர்களில் ஒருவருக்கு மட்டும் ஐம்பது ரூபாயாவது தர வேண்டியதாக வைத்துக்கொள்ளுங்கள்.